பார்த்தும் பாராமல் போன செங்கொடி

பட்டறைத் தெருவில் பாதிப் பேர் செங்கொடிக்குப் பார்வை சரியில்லை என்று நினைத்தார்கள். மீதிப் பேர் அவளுக்குத் தலைக்கனம் என்றார்கள். திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் அந்தத் தெருவில், காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு நடக்கும்போது சிலரிடம் நின்று நலம் விசாரிப்பாள். சிலரை, மூன்றடி தூரத்தில் எதிரே வந்தாலும், மின்கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்துபோவாள்.

அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த வயதில் கீர்த்திக்கு இது புரிந்ததே இல்லை.

"ஏம்மா, அந்த மாமா நம்மளையே பாத்தாரு. நீ ஏன் பேசல?"

"அவரு சிரிச்சாரா?"

"இல்ல."

"அப்ப நானும் சிரிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு நடையை எட்டிப்போடுவாள்.

செங்கொடி பிறந்தது வியாசர்பாடியில், அரசு அடுக்குக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்த அப்பா ஆசையாக வைத்த பெயர். மணலியில் ஃபிட்டராக இருந்த நீலமேகத்துக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவொற்றியூருக்கு வந்தாள். நீலமேகம் கெட்டவன் இல்லை. குடிக்காத நேரத்தில் மகளுக்குத் தலை பின்னிவிடுகிற தகப்பன். ஆனால் குடிக்காத நேரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. கீர்த்திக்கு எட்டு வயதானபோது, கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, மனைவியின் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினான்.

மூன்றாம் மாதம், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த போதை மறுவாழ்வு மையத்தில் அவள் ஆயாவாகச் சேர்ந்தாள். தரை துடைக்கிற வேலை. மையத்து டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தால் வாயையே திறக்காத ஆட்கள், தரை துடைக்கிற செங்கொடியிடம் மட்டும் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டினார்கள். அவர்தான் அவளைப் பயிற்சிக்கு அனுப்பினார். அப்படித்தான் ஆயா செங்கொடி, 'கவுன்சிலிங் அக்கா' ஆனாள்.

சான்றிதழ் வந்த பிறகும் அவள் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து பேசியதில்லை. மையத்துச் சமையலுக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டி, வந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து உரிக்கச் சொல்வாள். "வெங்காயம் உரிக்கும்போது எவன் அழறான்னு எவனுக்கும் தெரியாது" என்பாள். ஏன் குடிக்கிறாய் என்று யாரையும் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்விதான்: "நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருந்த?" வேலை முடிந்து, கூலி கைக்கு வந்து, வீட்டுக்கா கடைக்கா என்று கால் தடுமாறுகிற நேரம் அது. நீலமேகம் வழி தவறியதும் அந்த நேரத்தில்தான்.

சிகிச்சை முடிந்து வெளியே போகிறவனிடம் கடைசியாக இதைச் சொல்வாள்: "தெருவுல பாத்தா நான் உன்னைத் தெரியாத மாதிரிதான் போவேன். கோச்சுக்காத. நீயா சிரிச்சா நானும் சிரிப்பேன்."

கீர்த்திக்கு இந்த வழக்கத்தின் காரணம் புரிந்த விதம்தான் கொடுமை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா மறந்துவைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். அங்கே முறத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் அப்பாவு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் கீர்த்தி ஒரே ஒரு தோழியிடம் சொன்னாள். மதிய மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கரும்பலகையில் யாரோ ஒரு பாட்டில் வரைந்து, அதன் கழுத்தில் வாத்தியாருடைய விசிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பாவு வாத்தியார் வந்தார். பார்த்தார். டஸ்டரை எடுத்துப் பொறுமையாகத் துடைத்துவிட்டு வெளியே போனார். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. மையத்துக்கும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி, நெற்றியில் பொட்டில்லாமல், செங்கொடியின் வாசலில் வந்து நின்றாள்.

செங்கொடி மகளை அடிக்கவில்லை. "நீ சொன்னது பொய் இல்ல கீர்த்தி. அதான் கஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை.

வருஷங்கள் ஓடின. கீர்த்தி பாலர் பள்ளியில் ஆசிரியை ஆனாள். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மாவிடம் சொன்னாள்: "நகை வேணாம், சொந்த வீடு வேணாம். ஒண்ணே ஒண்ணு. குடிக்கிறவனோட நான் ஒரு நாள்கூட இருக்கமாட்டேன். அப்பாவோட நீ பட்டது போதும்." செங்கொடி தேடிக் கண்டுபிடித்தவன்தான் திலீப். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசாதவன். முதல் நான்கு வருஷம் மாமியாரும் மருமகனும் அவ்வளவு ஒட்டு. நெத்திலி வறுத்தால் அவனுக்கு எடுத்துவைத்த பிறகுதான் மகளுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்பு எல்லாம் மாறியது. கம்பெனிப் பயிற்சி என்று திலீப் விசாகப்பட்டினம் போய் இருபத்தொரு நாள் கழித்து வந்தான். அதற்குப் பிறகு செங்கொடி அவனிடம் தானாகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தால், அவன் கூடத்தில் இருந்தால் இவள் சமையலறைக்குப் போவாள். அவன் சிரித்தால் சிரிப்பாள். அவன் பேசாவிட்டால் இவளும் பேசமாட்டாள்.

"அவரு உன்னை என்னம்மா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலியே. தங்கமான பையன்."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற?"

"நான் திருப்பலியே."

இப்படியே மூன்று வருஷம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்திக்குப் பொறுக்கவில்லை. "என் புருஷனை மதிக்காதவங்க என் வீட்டுக்கு வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். செங்கொடி எழுந்தாள். பேத்தி அம்முவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை காலை, மையத்து மாடிப்படியில், வெங்காயப் பையோடு விழுந்தாள். மாரடைப்பு. ஐம்பத்தெட்டு வயது. சிதறிய வெங்காயம் படிப்படியாக உருண்டு தெருவரைக்கும் வந்து கிடந்தது.

மகளுக்கு அம்மாவிடம் சொல்லக் கிடைத்த கடைசி வார்த்தை அதுவாகிப்போனது.

சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக் கீர்த்தி திகைத்துப்போனாள். தெருவில் அம்மா யாரையெல்லாம் பார்க்காமல் போனாளோ அவர்களெல்லாம் வந்து கதறினார்கள். மகன் இல்லாத வீடு. கொள்ளி வைத்தது திலீப்தான். மொட்டையடித்த தலையோடு சுடுகாட்டில் விழுந்து அவன் அழுத அழுகையை நான்கு பேர் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது என்று சொன்னார்கள். மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மாமியாருக்கு இவன் ஏன் இப்படி அழவேண்டும்? கீர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பதினைந்தாம் நாள் மதியம். மறுநாள் காரியம். அம்மா வீட்டு வாசலில் போட்ட பந்தலில் தெருப் பெண்கள் நாளைய சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கோதண்டம் இறங்கினான். செங்கொடியால் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆனவன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் மீட்டர் போடுகிறானோ இல்லையோ, இந்தக் கதையைச் சொல்லிவிடுவான்.

அவன் தோளில் சுருட்டிய ஒரு பெரிய பேனர் இருந்தது. உள்ளே கொண்டுவந்து கூடத்தில் விரித்தான். கூடம் போதவில்லை. ஒரு ஓரம் சமையலறைக்குள் போனது.

"இன்னா கீர்த்திம்மா, எப்டி கீது? பத்துக்கு எட்டு. வட்டச் செயலாளரு மாமியாருக்கே ஆறுக்கு நாலுதான்."

நடுவில் செங்கொடியின் படம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, மேலே ஒரு புறா. 'கண்ணீர் அஞ்சலி' என்று ரத்தச் சிவப்பில் எழுத்து. கீழே, 'இவண், அக்காவால் குடியை மறந்து மறுவாழ்வு பெற்ற நாங்கள்' என்று போட்டு, நான்கு வரிசையில் நாற்பத்து மூன்று பெயர்கள்.

கீர்த்தி முதல் வரிசையைப் படித்ததுமே நிமிர்ந்தாள்.

"அண்ணா, பேரெல்லாம் போட்டிருக்கீங்களே."

"பேரு போடாம? பேரு இல்லாத பேனர எவன் பாப்பான்? போன மாசம் ஒரு கஞ்சா வியாபாரி செத்ததுக்கே மூணு பேனர் கட்னானுங்க. எங்கக்காவுக்கு ஒண்ணுகூட இல்லன்னா பாக்கறவன் இன்னா நெனப்பான்? நாதியத்த பொம்பளன்னு நெனக்கமாட்டான்?"

அவன் சொன்னது தப்பில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவரின் மதிப்பு பேனரில் இருக்கும் பெயர்களில்தான் தெரியும். ஒரு பெயர் விட்டுப்போனால் இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். கோதண்டம் மையத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற எல்லாரையும் ஞாபகம் வைத்து, ஒருவரும் விட்டுப்போகக் கூடாதென்று, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தான். அன்பில் செய்ததுதான்.

"இவங்களையெல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டா போடுவாங்க? நீ இரும்மா, நான் போயி சவுக்குக் கொம்பு எடுத்துகினு வரேன். காலைல ஏழு மணிக்குத் தெருமுனைல கட்டிர்லாம்."

அவன் போனதும், முறம் கேட்டு உள்ளே வந்தாள் ஜானட். நான்கு வீடு தள்ளி இருப்பவள். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கிறவள். அம்மாவுக்கும் இவளுக்கும் ஏதோ பழைய பகை, அதனால்தான் தெருவில் பார்த்தால் பேசிக்கொள்வதில்லை என்று கீர்த்தி சின்ன வயதிலிருந்தே நினைத்திருந்தாள்.

ஜானட் பேனரைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். வரிசை வரிசையாக அவளுடைய உதடு அசைந்தது. மூன்றாவது வரிசையில் நின்றது. கையிலிருந்த முறம் மெல்ல இறங்கியது.

"இத்த எங்க கட்டப் போறாங்க கீர்த்தி?"

"தெருமுனைல. நாளைக்குக் காலைல."

ஜானட் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ராயபுரத்துலேர்ந்து எங்க வூட்டுக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. பாதர் சொல்லி வந்த எடம். பொண்ணோட அம்மா ஞாயித்துக்கெழமப் பூசை தவறாதவ, நல்லவன்னு சொல்லி வெச்சிருக்காரு."

"ஜானட் அக்கா, நீங்களா?"

"ஐஸ் பொட்டிக்குள்ள கைய வுட்டு வுட்டு, ராவெல்லாம் குத்தும். மொதல்ல வலிக்குத்தான் ஊத்திக்கினேன். அப்பால வலி போச்சு, அது போவல." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆம்பள குடிச்சு திருந்துனா மாலை போடுவாங்க. பொம்பள திருந்துனா, குடிச்சவதானேன்னு கேப்பாங்க. எம்பொண்ணுக்குக்கூடத் தெரியாது. ஒங்கம்மா ஒன்னாண்டகூட சொல்லல பாத்தியா."

கீர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது கட்டமாட்டாங்க. நான் சொல்றேன். நீங்க போய் வெங்காயம் உரிங்க."

ஜானட் வெளியே போனாள். கீர்த்தி குனிந்து பேனரைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டச் சுருட்டப் பெயர்கள் மறைந்தன. கடைசி வரிசையில், பதினேழாம் எண் ரயில்வே கேட் சண்முகத்துக்கும் டீக்கடை ராஜிக்கும் நடுவில், ஒரு பெயர் இருந்தது.

திலீப்.

கை அப்படியே நின்றுவிட்டது. ஊரில் எத்தனையோ திலீப் இருப்பார்கள். ஆமாம், இருப்பார்கள். ஒருவேளை மருமகன் என்ற முறையில் போட்டிருப்பார்கள். மருமகன் என்றால் முதல் வரிசையில் அல்லவா இருக்கவேண்டும்? மருமகன் எப்படி மறுவாழ்வு பெற்றவன் ஆவான்? இருபத்தொரு நாள். மையத்தில் தங்குவது எத்தனை நாள்? இருபத்தொன்று. விசாகப்பட்டினத்திலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும். பின்னாலேயே மின்சார ரயில் ஹாரன் கேட்கும். விசாகப்பட்டினத்திலும் ரயில் இருக்கும்தானே என்று அப்போது நினைத்தாள். அதற்கு முன்னால் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனிடம் எப்போதும் வந்த புதினா மிட்டாய் வாசனை. குடிகாரன் மகள், அந்த வாசனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மோந்து பார்க்கவில்லையே. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனசில்லையா?

அந்த இருபத்தொரு நாளும் அம்மா தினம் வந்து, "திலீப் போன் பண்ணாரா?" என்று கேட்பாள். முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். மாடியில் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து கேட்டிருக்கிறாள்.

சுவரில் மாலையோடு இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நீ யாருக்கு அம்மா?" என்று முணுமுணுத்தாள். "எனக்கா, அவருக்கா?"

சவுக்குக் கொம்போடு கோதண்டம் வந்தான்.

"அண்ணா, இது யாரு, கடைசி வரிசைல, திலீப்?"

கோதண்டம் பேனரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த பெருமையெல்லாம் வடிந்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய முகம் வந்து நின்றது.

"எத்தினியோ திலீப்பு கீறாங்கம்மா ஊர்ல."

"அவங்கள்ல யாரு?"

அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன் பாப்பா" என்று சொல்ல வந்து, பாதியில் விழுங்கினான். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

கீர்த்தி எழுந்தாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "கட்டுங்க. காலைல ஏழு மணிக்கு, தெருமுனைல. எல்லாப் பேரும் இருக்கட்டும். இந்தத் தெருவுல எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியாது. ஊரே படிக்கட்டும்."

வாசல்படியில் ஜானட் நின்றிருந்தாள். மறந்துவிட்டுப்போன முறத்தை எடுக்க வந்தவள். அவள் கெஞ்சவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போனாள்.

அந்தக் குனிந்த தலையைக் கீர்த்தி முன்பே பார்த்திருக்கிறாள். முறத்துக்கு முன்னால். பன்னிரண்டு வயதில்.

கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த பாட்டில் கண்ணுக்குள் வந்தது. அதன் கழுத்தில் விசில். அன்றைக்கும் அவள் பொய் சொல்லவில்லை. இன்றைக்கு இந்தப் பேனரிலும் ஒரு பொய்கூட இல்லை. அம்மா அன்று சொன்ன 'கஷ்டம்' இதுதானா? அம்மா தன்னை நம்பாததால் மறைத்தாளா, அல்லது தன் வாய்க்குப் பயந்து மறைத்தாளா? மகளின் குடும்பத்தைக் காப்பாற்ற மறைத்தாளா, நோயாளிக்குக் கொடுத்த வாக்குக்காக மறைத்தாளா? ஒன்றை நினைத்தால் அழுகை வந்தது. இன்னொன்றை நினைத்தால் கோபம் வந்தது. எது சரி என்று சொல்ல வேண்டியவள் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். பந்தலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர். யார் வெங்காயத்துக்கு அழுகிறார்கள், யார் அம்மாவுக்கு அழுகிறார்கள் என்று தெரியவில்லை. நடுவில் ஜானட். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உரித்தாள். பக்கத்தில் இருந்தவள், "இன்னாடி இது, இந்த வெங்காயம் இப்டி காரமா கீது" என்றாள். "ஆமாக்கா" என்றாள் ஜானட், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கீர்த்தி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். பிறகு அம்முவின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கோதண்டம் அண்ணா, இந்தப் பேனர் வேணாம். வேற அடிப்போம்."

"அக்காவுக்குப் பேனரே இல்லன்னா..."

"இருக்கும். இதே அளவு. பேரும் இருக்கும். ஆனா உங்க நாப்பத்து மூணு பேர் மட்டும் இல்ல. தெரு முழுக்க. குடிச்சவங்க, குடிக்காதவங்க, குடிக்கவே தெரியாதவங்க, எல்லாரும். 'மறுவாழ்வு'ங்கிற வார்த்தையே வேணாம்."

"அப்ப யாரு யாருன்னு எப்டித் தெரியும்?"

"தெரியவேணாம் அண்ணா. உங்க கதையை நீங்க தினம் சொல்லுங்க, அது உங்களோடது. மத்தவங்க கதையை அவங்கவங்க சொல்லட்டும்."

கோதண்டம் தலையைச் சொறிந்தான். "தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. அக்கா இருந்தா என்னிய வெங்காயத்தோட சேத்து உரிச்சிருக்கும்" என்றான். பிறகு ஆட்டோவை எடுத்தான்.

இரண்டு மணி நேரத்தில் நோட்டு நிரம்பியது. பட்டறைத் தெருவில் 'பேனரில் உங்கள் பெயர் போடலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவர் பிறக்கவில்லை. இஸ்திரி வண்டிக்காரர் தன் பெயரோடு செத்துப்போன தன் தகப்பன் பெயரையும் போடச் சொன்னார். எல்லையம்மன் கோயில் பூசாரி கொடுத்தார். பாதர் கொடுத்தார். பத்து நாள் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று ஒருத்தி வருத்தப்பட்டாள். சாராயக் கடை விற்பனையாளர்கூட வாசலில் வந்து நின்று, "எம்பேரும் போடுங்க மேடம். அக்காவால எனக்குத்தான் பாதி வியாபாரம் போச்சு, ஆனா தினம் வணக்கம் வெப்பாங்க" என்றார். பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இழவு விழுந்த வீட்டில் பதினைந்து நாளில் முதல் சிரிப்பு அது.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். பேனர் கடை ஜெரி நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்க்கா. பரவால்லியா?"

"அதான் வேணும். அகர வரிசைல போடு."

அவள் எழுதிய நோட்டில் ஒரு பெயரின் முன்னால் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றிருந்தது. பிறகு எல்லாப் பெயரையும் போல அதையும் எழுதினாள். திலீப். அன்று இரவு அவன் வாழையிலைக் கட்டோடு வந்தபோது, அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவுசெய்ததால் அல்ல. கேட்டால் என்ன பதில் வந்தால் தாங்கமுடியும் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினாறாம் நாள் காலை பேனர் ஏறியது. தெருவே கீழே நின்று தன் பெயரைத் தேடியது. கோதண்டம் கால் மணி நேரம் தேடினான். "எங்க பூட்ச்சு எம்பேரு" என்று புலம்பிக்கொண்டே இருந்தவன், கடைசியில் 'கோதண்டம்' என்று இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதைப் போனில் படமெடுத்துக்கொண்ட பிறகுதான் பந்தலுக்கு வந்தான்.

பத்து மணிக்கு ராயபுரத்துக்காரர்கள் வந்தார்கள். ஜானட் தெருமுனைக்கே போய் எதிர்கொண்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பா, பேனருக்குக் கீழே நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கீர்த்தி பந்தலிலிருந்து பார்த்தாள்.

"இன்னா சம்பந்திம்மா, ஒங்க பேரும் கீது போல."

"எங்க தெருவே கீதுங்க அதுல" என்றாள் ஜானட்.

"அவ்ளோ பெரிய மனுஷியா அவங்க?"

"ஆமாங்க. ஆனா என்னாண்ட பேசவே மாட்டாங்க."

சொல்லிவிட்டு ஜானட் சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு. அவர்களை அழைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

படையல் போட்டு, சாம்பிராணி காட்டி, எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அம்மு பந்தல் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள். கீர்த்தி இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு வந்தாள். அங்கே பேனருக்குக் கீழே திலீப் தனியாக நின்றுகொண்டிருந்தான். மொட்டைத் தலையில் வெயில் அடித்தது. தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான் என்பது அவன் பார்வை நிலைத்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. பழைய பேனரைப் பற்றி அவனுக்குக் கோதண்டம் சொல்லியிருப்பானா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கீர்த்தி அவனுக்கு மூன்றடி தூரத்தில் நின்றாள். கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. எத்தனை நாளாக? ஏன் என்னிடம் சொல்லவில்லை? இப்போது விட்டுவிட்டாயா, உண்மையாகவா? கல்யாணத்துக்கு முன்னால் அவள் போட்ட ஒரே நிபந்தனை, இதோ இந்த எறும்பெழுத்துக்குள் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது. மன்னிப்பதா, மன்னிக்க என்ன இருக்கிறது, மூன்று வருஷமாகத் தொடாதவனையா, நான்கு வருஷம் மறைத்தவனையா? அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அம்மா அவனைக் கடந்துபோன விதம் மட்டும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குள் வந்தும் அம்மா தன் வழக்கத்தை விடவில்லை. மகளோடு சண்டை வந்தபோதும் விடவில்லை.

திலீப் திரும்பினான். அவளைப் பார்த்தான். உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு, அழுகையா என்ன என்று சொல்லமுடியாதபடி, சிரித்தான்.

அது அம்மா காத்திருந்து பதில் கொடுக்கிற அந்தச் சிரிப்புதானா, இல்லை வெறும் சிரிப்பா? கீர்த்திக்கு நிச்சயமில்லை. அவளும் சிரித்தாளா என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே நினைவில்லை. ஆனால் கேட்டது நினைவிருக்கிறது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருப்பீங்க?"

இந்தக் கேள்வியை அவனிடம் வேறொருத்தி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"வீட்லதான்" என்றான். "உன்னாண்ட பேசணும்."

"சரி" என்றாள் கீர்த்தி. "கொஞ்சம் வெங்காயம் மிச்சம் இருக்கு. எடுத்து வெக்கிறேன்."